சுழலிக்கு ஒத்துப்போகும் வாயு, பிஸ்டன் எஞ்சினுக்கு ஏன் ஒத்துப்போகவில்லை? எரிவாயுக் கலவை, நாக்கிங், புகை அளவீடு

வாடைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். வழுதூருக்கும் பெருங்குளத்துக்கும் இடையில், ஒரு தனியார் ஆலைக்கு மின்சாரம் கொடுக்கும் சிறு நிலையத்தில் ஷிஃப்ட் பொறுப்பாளராக இருக்கிறேன். எங்களிடம் உள்ளது பதினாறு சிலிண்டர் லீன்-பர்ன் (காற்று மிகுந்த மெலிந்த கலவையில் ஓடும்) கேஸ் எஞ்சின். ஆறு ஆண்டுகளாகப் பெரிய தொல்லை இல்லாமல் ஓடிய எஞ்சின், மூன்று வாரங்களாக முழு லோடில் நிற்க மறுக்கிறது.

இரவு இரண்டு மணி அளவில் பேனலில் நான்காவது சிலிண்டரின் நாக்கிங்கை, அதாவது கலவை முறைதவறி வெடிக்கும் தட்டலைக் காட்டும் பட்டை மஞ்சளாகி, சில விநாடிகளில் சிவப்பாகிறது. எஞ்சின் அருகே போனால் கொட்டாங்கச்சியைச் சுண்டியது போன்ற சத்தம் கேட்கிறது. உடனே கன்ட்ரோலர் இக்னிஷனைப் பின்தள்ளுகிறது (ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது), அதுவும் போதாவிட்டால் லோடைக் குறைக்கிறது. கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத் தூள் தூவியது போல் நுண்புள்ளிகள் இருந்தன. பிளக்குகளை இரண்டு முறை மாற்றினோம், உப்பு படிந்த ஏர் ஃபில்டரை மாற்றினோம், உள்ளே போகும் கலவையைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் கழுவினோம். பயனில்லை.

புகைபோக்கியில் எடுத்த அளவீடும் குழப்புகிறது. முதல் வாரத்தில் நைட்ரஜன் ஆக்சைடு ஏறியது. இக்னிஷன் பின்னுக்குப் போன பிறகு அது இறங்கிவிட்டது, ஆனால் எக்சாஸ்ட் வெப்பம் ஏறிவிட்டது. வாயு மாறியிருக்குமோ என்று வழங்குபவரிடம் கேட்டோம். வோபே எண் வரம்புக்குள் இருக்கிறது, இதே வாயுவில் பக்கத்துச் சுழலி (கேஸ் டர்பைன்) சிக்கலின்றி ஓடுகிறது, ஆகவே பழுது உங்கள் எஞ்சினில்தான் என்று பதில் வந்தது. இந்த வாதம் சரிதானா?

சேதுக்கரை

தம்பி, அந்த வாதத்தின் முதல் பாதி உண்மையாக இருக்கலாம். ஆனால் அதிலிருந்து எடுத்த முடிவு தவறு. எரிவாயு நிலையங்களில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வழுதூரில் மின் வாரியத்தின் சுழலி நிலையம் இருப்பதால், நம் மாவட்டத்தில் எரிவாயு என்றாலே பலருக்கும் சுழலிதான் நினைவுக்கு வரும். சுழலியில் எரிதல் அடுப்புச் சுடரைப் போல இடைவிடாமல் நடக்கிறது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி, அந்தத் துளை வழியாக ஒரு நொடிக்கு எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது என்பதே. வோபே எண் சொல்வது அதைத்தான்: வாயுவின் கலோரி மதிப்பை, காற்றோடு ஒப்பிட்ட அதன் அடர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. இரண்டு வாயுக்களின் வோபே எண் ஒன்றாக இருந்தால், ஒரே அழுத்தத்தில் ஒரே துளை வழியாக ஒரே அளவு வெப்பம் போகும். அடுப்புக்கும் பாய்லருக்கும் பெரும்பாலும் இது போதும். சுழலிக்கும் முதலில் பார்க்க வேண்டிய எண் இதுதான்.

பிஸ்டன் எஞ்சினில் நடப்பது வேறு. காற்றும் வாயுவும் கலந்து, அழுத்தப்பட்டு, சூடேறி, ஸ்பார்க்குக்காகக் காத்திருக்கின்றன. ஸ்பார்க் அடித்து, பிளக்கிலிருந்து சுடர் பரவிச் சிலிண்டரின் ஓரத்தைத் தொடும் வரை, ஓரத்தில் உள்ள கலவை தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை தீர்ந்து ஓரக் கலவை ஒரே நேரத்தில் வெடிப்பதே நீங்கள் கேட்ட கொட்டாங்கச்சிச் சத்தம். பெட்ரோலுக்கு அந்தப் பொறுமையின் அளவுகோல் ஆக்டேன் எண்; வாயு எரிபொருளுக்கு மீத்தேன் எண். தூய மீத்தேனுக்கு 100 என்றும் ஹைட்ரஜனுக்கு 0 என்றும் வைத்து இந்த அளவுகோல் அமைக்கப்பட்டது. ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் என்று கார்பன் கூடக் கூட எண் சரியும். கார்பன் டை ஆக்சைடு சேர்ந்தால் எண் ஏறும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தூய மீத்தேன். மறுபக்கம் 86 விழுக்காடு மீத்தேன், 7 ஈத்தேன், 4 புரொப்பேன், 3 கார்பன் டை ஆக்சைடு. இரண்டாவதின் கலோரி மதிப்பு கூடுதல், ஆனால் எடையும் கூடுதல். ஒன்றை ஒன்று ஈடுகட்டி, இரண்டின் வோபே எண்ணும் அரை விழுக்காட்டுக்குள் ஒன்றாகிவிடும். வோபே எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே வாயு. ஆனால் இரண்டாவதின் மீத்தேன் எண் 100இலிருந்து வெகுவாகக் கீழே கிடக்கும். பல லீன்-பர்ன் எஞ்சின்கள் முழு லோடுக்கு 70 முதல் 80 வரை கேட்பவை. ஆகவே உங்கள் எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன், வாயுவின் முழுக் கலவை அறிக்கையை எழுத்து மூலம் கேளுங்கள். வாயுவின் பாகங்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியின் அளவீடு அவர்களிடம் இருந்தே தீரும். வெப்ப அளவில் பில் போடுபவர்கள் அது இல்லாமல் பில் போட முடியாது.

கீழக்கரை மெக்கானிக்

சேதுக்கரை ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனாலும் வாயுவின் மேல் பழி போடுவதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒன்று, பிஸ்டன் தலையில் படியும் சாம்பல். லூப் ஆயில் சிறிது சிறிதாக மேலேறி எரிந்து, அதன் சாம்பல் பிஸ்டன் மேலும் வால்வு மேலும் ஓடு போலக் கட்டிக்கொள்ளும். அது வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதோடு, அறையின் கொள்ளளவையும் குறைத்துவிடும். ஒரே சிலிண்டர் மட்டும் தட்டினால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு, இன்டர்கூலருக்குப் பின் கலவையின் வெப்பம். கடல் காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் கூலிங் டவர் நீர் எதிர்பார்த்த அளவு குளிராது. நிலப்பக்கமிருந்து கச்சான் வீசும்போது வெயில் கொளுத்தினாலும் காற்று வறண்டிருப்பதால் டவர் நன்றாகவே வேலை செய்யும். இதைக் கவனிக்காமல் வெளி வெப்பமானியை மட்டும் பார்த்து ஏமாந்த அனுபவம் எனக்கு உண்டு. உங்களிடம் எத்தனை சிலிண்டர்கள் தட்டுகின்றன?

வாடைக்காற்று

முதலில் நான்காவது மட்டும் தட்டியது. இப்போது இரண்டு வரிசையிலும் சேர்த்து ஒன்பது சிலிண்டர்கள் முறை வைத்துத் தட்டுகின்றன. நான்காவதின் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். சாம்பல் இருந்தது, ஆனால் வழக்கமான அளவுதான். இன்டர்கூலருக்குப் பின் வெப்பம் சென்ற ஆண்டு இதே மாதத்தில் இருந்ததைவிட ஒரு டிகிரிகூடக் கூடவில்லை.

கீழக்கரை மெக்கானிக்

ஒன்பது சிலிண்டர்கள் என்றால் என் சந்தேகத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சாம்பல் சிலிண்டருக்குச் சிலிண்டர் வேறுபடும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் பிடிக்காது. எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவாகப் போவது காற்றும் வாயுவும்தான், அதில் காற்று மாறவில்லை என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

தங்கச்சிமடம் ஆசிரியை

நான் எஞ்சின் அறிந்தவள் அல்லள், மேல்நிலை வகுப்புக்கு வேதியியல் கற்பிக்கிறேன். மீத்தேன் ஏன் இவ்வளவு பொறுமையான மூலக்கூறு என்பதை மட்டும் என் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

மீத்தேனில் ஒரு கார்பனைச் சுற்றி நான்கு ஹைட்ரஜன்கள் சீராக நிற்கின்றன. எரிதல் தொடங்க வேண்டுமானால் முதலில் ஒரு ஹைட்ரஜனைப் பிய்த்தெடுக்க வேண்டும். அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு ஏறத்தாழ 439 கிலோஜூல் தேவை. பிய்த்த பிறகு மிஞ்சும் மீத்தைல் துண்டும் எளிதில் அடுத்த வினைக்குப் போகாது. புரொப்பேனில் நடுக் கார்பனில் உள்ள ஹைட்ரஜனைப் பிரிக்க அதைவிடக் குறைந்த ஆற்றல் போதும். பிரிந்த துண்டும் ஆக்சிஜனோடு உடனே சேர்ந்து அடுத்தடுத்த வினைகளைக் கிளப்பிவிடும். மீத்தேன் தானாகப் பற்ற ஏறத்தாழ 540 டிகிரி செல்சியஸ் தேவைப்படும்போது, புரொப்பேனுக்கு 470 டிகிரியை ஒட்டியே போதுமாவதற்குக் காரணம் இதுதான். கலவையில் நான்கு விழுக்காடுதானே என்று புரொப்பேனைத் தள்ளிவிட முடியாது. அந்தச் சிறு பங்கு முதலில் பற்றி, தான் உண்டாக்கிய துண்டுகளைக் கொண்டு மீத்தேனையும் பற்ற வைத்துவிடும்.

புகையில் நைட்ரஜன் ஆக்சைடு ஏறியதற்கான விடையும் அருகிலேயே இருக்கிறது. காற்றில் உள்ள நைட்ரஜன் சாதாரணமாக எதனோடும் சேராது. சுடரின் வெப்பம் மிகுந்தால் ஆக்சிஜன் அணுக்கள் அதன் மும்மைப் பிணைப்பை உடைக்கின்றன. சோவியத் இயற்பியலாளர் யாகோவ் செல்டோவிச் 1940களில் விளக்கிய வழிமுறை இது. வெப்பம் ஏற ஏற இந்த வினையின் வேகம் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை, பாய்ச்சலில் ஏறுகிறது. ஈத்தேனும் புரொப்பேனும் மீத்தேனைவிடச் சற்று வெப்பமாகவும் சற்று விரைவாகவும் எரிபவை. ஆகவே இக்னிஷனை மாற்றாமல் அவற்றின் பங்கை மட்டும் கூட்டினால், சிலிண்டரின் உச்ச அழுத்தமும் வெப்பமும் ஏறும், நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும்.

சீமைக்கருவேலம்

கமுதிப் பக்கம் விறகிலிருந்து வாயு எடுக்கும் கேசிஃபையர் ஒன்றில் முன்பு வேலை செய்தேன். அங்கே எங்கள் எஞ்சினுக்குப் போன வாயுவில் பாதியளவு நைட்ரஜன். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆளுக்கு மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி, மீத்தேன் மிகச் சிறிதளவு. அந்த எஞ்சின் தட்டியதே இல்லை. ஆனால் டீசலில் கொடுத்த திறனை அது கொடுக்கவும் இல்லை, புகையில் மோனாக்சைடு எப்போதும் மிகுதி. நீர்த்துப்போன வாயு எஞ்சினைக் காப்பாற்றும், ஆனால் முழுதாக எரியாது என்பதை அங்கேதான் கற்றேன்.

வாடைக்காற்று

கலவை அறிக்கை கிடைத்துவிட்டது. சேதுக்கரை ஐயா எடுத்துக்காட்டாகச் சொன்ன கலவைக்கும் இப்போது வருவதற்கும் வேறுபாடு கால் விழுக்காடுகூட இல்லை. படித்தபோது வியப்பாக இருந்தது. முன்பு 94 மீத்தேன், 3 ஈத்தேன், 1 புரொப்பேன், நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் ஒவ்வொன்று. இப்போது 86, 7, 4, கார்பன் டை ஆக்சைடு 3.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்று வாரங்களாக ஒரு யூனிட்டுக்கு ஆகும் கன மீட்டர் கணக்கு குறைந்திருந்தது. எஞ்சின் சிக்கனமாகிவிட்டது என்று அலுவலகத்தில் மகிழ்ச்சியாகக் குறித்தும் வைத்தோம். கனத்த வாயு வருவதன் முதல் அடையாளம் அதுவே என்று இப்போது புரிகிறது.

சேதுக்கரை

அந்தக் கன மீட்டர் குறைவு முக்கியமான தடயம், தம்பி. கணக்கிட்டுப் பார்த்தேன்: புதிய வாயுவின் ஒரு கன மீட்டரில் பழையதைவிட ஏறத்தாழ ஆறரை விழுக்காடு கூடுதல் வெப்பம் இருக்கிறது, அதை எரிக்கத் தேவையான காற்றும் அதே அளவு கூடுதல். ஆனால் வாயு கனத்துவிட்டதால் மிக்சர் துளை வழியாக ஐந்து விழுக்காடு குறைவாகவே போகிறது. இரண்டையும் சேர்த்தால் கலவை வெறும் ஒரு விழுக்காடுதான் செறிவடைந்திருக்கும், அதாவது லாம்டா (எரிக்கத் தேவையான காற்றைப் போல் எத்தனை மடங்கு காற்று போகிறது என்ற எண்) 1.70 இருந்த இடத்தில் 1.68. அந்தச் சிறு மாற்றமும் நைட்ரஜன் ஆக்சைடைக் கொஞ்சம் உயர்த்தும், ஆனால் ஒன்பது சிலிண்டர்களைத் தட்ட வைக்காது. தட்ட வைத்தது மூலக்கூறுகளின் இயல்பு.

இந்தக் கலவை ஏன் மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் பகுதிக் கிணறுகளிலிருந்து வரும் வாயு, கிணற்றுக்குக் கிணறு வேறுபடும். ஒரு கிணற்றை மூடி மற்றொன்றைத் திறந்தாலே கலவை நகரும். கப்பலில் வரும் திரவ எரிவாயுவின் (எல்என்ஜி) இயல்பு வேறு. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்கும்போது கார்பன் டை ஆக்சைடு உறைந்து குழாயை அடைத்துவிடும் என்பதால் அதை முன்பே அகற்றிவிடுவார்கள். ஆகவே அந்த வாயுவில் அது இராது. ஆனால் ஏற்றிய நாட்டைப் பொறுத்து ஈத்தேனும் புரொப்பேனும் கணிசமாக இருக்கலாம். தொட்டியில் நாள்பட நின்றால் முதலில் ஆவியாவது நைட்ரஜனும் மீத்தேனும். எஞ்சுவது கனத்துக்கொண்டே போகும். வீட்டுச் சமையல் சிலிண்டரிலும் இதுவே நடக்கிறது: புரொப்பேன் முந்திக்கொண்டு வெளியேற, அடியில் பியூட்டேனின் பங்கு மிகுகிறது.

உங்கள் அறிக்கையில் 3 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு இருப்பதால், இப்போது வருவது கிணற்று வாயுதான், அநேகமாக வேறொரு கிணற்றின் வாயு. எண்ணூரில் திரவ எரிவாயு முனையம் 2019இல் திறக்கப்பட்டது, இராமநாதபுரம்–தூத்துக்குடி இடையே 143 கிலோமீட்டர் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. குழாய்கள் ஒன்றோடொன்று இணைய இணைய, ஒரே இணைப்பில் இன்று ஓர் ஊற்று, நாளை வேறோர் ஊற்று என்று வருவது வழக்கமாகிவிடும். ஆறு ஆண்டுகள் ஒரே வாயுவில் ஓடிய எஞ்சின்காரர்கள் இதை இப்போதே மனத்தில் கொள்ள வேண்டும்.

ஷேர் ஆட்டோ

இராமநாதபுரம்–தேவிபட்டினம் ஓட்டுகிறேன். என் வண்டி சிஎன்ஜி. சில முறை நிரப்பும்போது மைலேஜ் கூடுகிறது, சில முறை குறைகிறது. அதற்கும் இதுதான் காரணமா?

சேதுக்கரை

ஓரளவு காரணமாகலாம். ஆனால் உங்களுக்குக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். கிலோவுக்குக் கிலோ மீத்தேனுக்கும் புரொப்பேனுக்கும் வெப்ப வேறுபாடு சிறிதுதான். நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கலந்திருந்தால்தான் எரியாத எடைக்கும் நீங்கள் காசு கொடுத்ததாகும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டியானால் கலவையை அதுவே திருத்திக்கொள்ளும். டயர் காற்றையும் பாருங்கள்.

மன்னார் வளைகுடா

புகை அளவீட்டுத் துறையில் இருக்கிறேன். இழையில் இதுவரை நைட்ரஜன் ஆக்சைடு பற்றியே பேச்சு நடந்தது. இந்த மாற்றத்தில் மற்ற மூன்றும் எப்படி நகரும் என்று பார்ப்பது அவசியம், ஏனெனில் ஒன்றைச் சரிசெய்யப் போய் மற்றொன்றைக் கெடுப்பது எங்கள் துறையில் அன்றாடம் காணும் காட்சி.

முதலாவது கார்பன் டை ஆக்சைடு. வாடைக்காற்று கொடுத்த இரண்டு கலவைகளையும் கணக்கிட்டால், பழைய வாயு ஒரு மெகாஜூல் வெப்பத்துக்கு 56 கிராம் வெளியிடும், புதியது 58 கிராம். தூய மீத்தேனுக்கு இது 55, டீசலுக்கு 74. எஞ்சினை எவ்வளவு நன்றாக டியூன் செய்தாலும் இந்த இரண்டு கிராமைத் திரும்பப் பெற முடியாது, அது மூலக்கூறிலேயே எழுதப்பட்டது.

இரண்டாவது, எரியாமல் தப்பும் மீத்தேன். என்னைப் பொறுத்தவரை இதுவே தலையாயது. பிஸ்டன் வளையத்துக்கு மேலுள்ள இடுக்கிலும், ஹெட் கேஸ்கெட்டின் ஓரத்திலும் புகுந்த கலவையைச் சுடர் எட்டாது. அது அப்படியே புகைபோக்கிக்குப் போய்விடும். நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன், கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறத்தாழ 30 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கைத் தாண்டும். கண்ணுக்குப் புகை தெரியவில்லை என்பதற்காகக் கேஸ் எஞ்சினைத் தூய்மையானது என்று சொல்வதை நான் ஏற்பதில்லை, மீத்தேன் நிறமற்றது. ஈத்தேனும் புரொப்பேனும் கூடினால் சுடர் சற்று விரைவதால் இந்தத் தப்பல் குறையக்கூடும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க வேண்டும் என்று கலவையை மேலும் மெலிதாக்கினால் சுடர் தள்ளாடும், சில சுற்றுகளில் மிஸ்ஃபயர் ஆகும் (பற்றாமலே போகும்), தப்பும் மீத்தேன் பலமடங்காகும். கார்பன் டை ஆக்சைடு 3 விழுக்காடு கலந்திருப்பதும் சுடரை மந்தமாக்கும் பக்கமே இழுக்கிறது. எக்சாஸ்டில் கேட்டலிஸ்ட் வைத்து எரித்துவிடலாமே என்று கேட்பார்கள். மோனாக்சைடுக்கு அது எளிது. மீத்தேனை எரிக்க 450 டிகிரிக்கு மேல் வேண்டும், அதோடு வாயுவில் உள்ள சிறு கந்தகமே கேட்டலிஸ்டில் உள்ள பல்லேடியத்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

மூன்றாவது ஃபார்மால்டிஹைடு. அரைகுறையாக எரிந்த மீத்தேனின் துண்டு இது. காற்றில்லாத அதிகாலையில் புகைபோக்கி அருகே நின்றால் கண் எரிகிறதே, அது பெரும்பாலும் இதனால்தான். புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. அளவீட்டுக்கு மேலே ஏறும் பையன்களுக்கு முகக்கவசம் கொடுங்கள்.

வாடைக்காற்று

அப்படியானால் எங்கள் எஞ்சின் தானாகச் செய்தது, அதாவது இக்னிஷனைப் பின்தள்ளியது, சரியா தவறா?

சேதுக்கரை

காப்பாற்றுவதற்குச் சரி, குடித்தனம் நடத்துவதற்குச் சரியன்று. ஸ்பார்க் தாமதமானால் எரிதலின் பெரும்பகுதி பிஸ்டன் கீழிறங்கும்போது நடக்கிறது. உச்ச அழுத்தம் குறைவதால் தட்டலும் நைட்ரஜன் ஆக்சைடும் குறைகின்றன. ஆனால் வேலையாக மாற வேண்டிய வெப்பம் எக்சாஸ்டுக்குப் போய், வால்வையும் டர்போவையும் சுடுகிறது. மாதக்கணக்கில் இப்படி ஓட்டினால் எக்சாஸ்ட் வால்வு இருக்கை தேய்ந்து வேறு செலவு வரும். உங்கள் நிலையில் நான் முதலில் லோடைக் குறைப்பேன். அடுத்து இன்டர்கூலர் நீரை இயன்றவரை குளிர்விப்பேன். கலவையின் வெப்பம் சில டிகிரி குறைந்தாலே தட்டலுக்கு நல்ல இடைவெளி கிடைக்கும், அதனால் புகை கெடாது. இக்னிஷனை அளவோடு பின்தள்ளுவது மூன்றாவது. லாம்டாவை மெலிதாக்குவதைக் கடைசியில் வைப்பேன், அதுவும் எரியாத ஹைட்ரோகார்பன் அளவீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இந்த வாயுவே நிலையாக வரும் என்று எழுத்தில் உறுதி கிடைத்தால் மட்டும், அழுத்த விகிதம் குறைந்த பிஸ்டனுக்கு மாறுவதைப் பற்றி எஞ்சின் தயாரிப்பாளரிடம் பேசுங்கள்.

தங்கச்சிமடம் ஆசிரியை

ஒரு சந்தேகம். டெல்லியில் சிஎன்ஜியில் ஹைட்ரஜன் கலந்து 2020இல் பேருந்துகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஹைட்ரஜனின் மீத்தேன் எண் 0 என்றால், அந்த எஞ்சின்கள் தட்டியிருக்க வேண்டாமா?

மன்னார் வளைகுடா

நல்ல கேள்வி, அம்மா. அங்கே கலந்தது கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. மீதி சிஎன்ஜி என்பதால் மொத்தக் கலவையின் எண் தாங்கக்கூடிய இடத்திலேயே நின்றது. ஹைட்ரஜனின் சுடர் மீத்தேனைவிடப் பலமடங்கு விரைவானது. அதனால் மெலிந்த கலவையிலும் மிஸ்ஃபயர் ஆகாமல் எரியும். இடுக்கில் தப்பும் எரிபொருளும் மோனாக்சைடும் குறையும். ஆனால் இக்னிஷனை அதற்கேற்பத் திருத்தாமல் விட்டால் நைட்ரஜன் ஆக்சைடு ஏறும். புரொப்பேன் தொல்லையும் ஹைட்ரஜன் தொல்லையும் வெளித்தோற்றத்தில் ஒன்று போலத் தெரிந்தாலும், ஒன்றில் ஓரக் கலவை சீக்கிரம் பற்றுகிறது, மற்றொன்றில் சுடரே ஓடி வந்துவிடுகிறது.

வாடைக்காற்று

பன்னிரண்டு நாட்களுக்குப் பின் எழுதுகிறேன். லோடை 85 விழுக்காட்டில் நிறுத்தினோம். கூலிங் டவரின் தூர்ந்த நாசில்களைச் சுத்தம் செய்து, கலவையின் வெப்பத்தை நான்கு டிகிரி இறக்கினோம். இக்னிஷன், பின்தள்ளிய அளவில் பாதியைத் திரும்பப் பெற்றுவிட்டது. எக்சாஸ்ட் வெப்பமும் பழைய இடத்துக்கு அருகே வந்துவிட்டது. நேற்றிரவு முழுவதும் நான்காவது சிலிண்டரின் பட்டை பச்சையிலேயே இருந்தது. லாம்டாவை நாங்கள் தொடவே இல்லை. எரியாத ஹைட்ரோகார்பன் அளவு முன்பு இருந்தபடியே இருக்கிறது.

வழங்குபவரிடம் பேசி, வோபே எண்ணோடு முழுக் கலவையும் நாள்தோறும் காலை ஷிஃப்டுக்கு முன் கிடைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். பெரிய மாற்றம் வருமானால் முதல் நாளே தெரிவிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். இன்று காலை வந்த தாளில் புரொப்பேன் 3.1. கன மீட்டர் கணக்குப் பதிவேட்டில் இனி அந்த எண்ணையும் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன்.